குறைந்த விலையில் அதிக ஒளி தரும் பிரைம் லென்ஸ்: வாங்கலாமா, வேண்டாமா?

டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். கேமரா ஒன்று வாங்கினால் அதனுடன் 18-55 மி.மீ. கிட் லென்ஸ் ஒன்றும் வரும். பகலில், வெளியில் எடுக்கும் படங்களுக்கு இதுவே போதும். கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் என நம் கரிசல் பகுதியில் வெயிலுக்குப் பஞ்சமே இல்லை. பிரச்னை வீட்டிற்குள் தொடங்குகிறது. வெயிலுக்குப் பயந்து சின்ன ஜன்னல் வைத்துக் கட்டிய வீடு. நடு அறையில் ஒரே ஒரு எல்.இ.டி. பல்பு. அங்கே உட்கார்ந்திருக்கும் பாட்டியையோ, ஓடி வரும் குழந்தையையோ படம் எடுத்தால், ஒன்று படம் கலங்கிப் போகிறது; அல்லது கேமராவின் பிளாஷ் எரிந்து முகம் சுண்ணாம்பு அடித்தது போல் வெளுத்து, பின்சுவரில் கறுப்பு நிழல் விழுகிறது.

காதணி விழா ஒரு முறைதான் வரும். பாட்டியின் முகமும் எப்போதும் நம்முடன் இருக்கப் போவதில்லை. அதனால்தான் “50 எம்.எம். லென்ஸ் வாங்கினால் சரியாகிவிடும்” என்று யாராவது சொன்னவுடன் பலரும் அதனைத் தேடி ஓடுகிறார்கள். சிலருக்கு அது உண்மையிலேயே நல்ல தீர்வு. சிலருக்கு, பருத்தி விற்ற பணத்தைப் பீரோவில் பூட்டி வைத்தது போல, பைக்குள்ளேயே கிடக்கும் பொருள். நீங்கள் எந்த வகை என்பதைப் பணம் கொடுக்கும் முன்னரே கண்டுபிடிக்கலாம். அதற்கான வழிகளை இங்கு காண்போம்.

பிரைம் லென்ஸ் என்றால் என்ன?

கிட் லென்ஸைத் திருகினால் காட்சி கிட்டேயும் தூரமும் போகும். இது ஜூம். பிரைம் லென்ஸில் இந்த வசதி கிடையாது. 50 மி.மீ. என்றால் 50 மி.மீ. மட்டுமே. கிட்டே வர வேண்டுமானால் நீங்கள்தான் நடக்க வேண்டும். இந்த வசதியை விட்டுக் கொடுப்பதற்குப் பதிலாகக் கிடைப்பது பெரிய லென்ஸ் துவாரம். இதனைத்தான் அப்பெர்ச்சர் என்கிறோம்.

லென்ஸின் முன்பக்கம் 1:1.8 என்று எழுதியிருக்கும். இதனையே எப் 1.8 என்று சொல்கிறோம். லென்ஸின் குவிய தூரத்தை இந்த எண்ணால் வகுத்தால் துவாரத்தின் அகலம் கிடைக்கும். 50 மி.மீ. லென்ஸில் எப் 1.8 என்பது சுமார் 28 மி.மீ. அகலத் துவாரம். கிட் லென்ஸை 50 மி.மீ. அருகே கொண்டு சென்றால் அதன் மிகப் பெரிய துவாரம் எப் 5.6 என்ற அளவில்தான் இருக்கும். அதாவது சுமார் 9 மி.மீ. அகலம். பரப்பளவில் கணக்கிட்டால் பிரைம் லென்ஸ் ஏறக்குறைய 10 மடங்கு ஒளியை உள்ளே விடுகிறது.

இதனால் என்ன லாபம்? இரவில் வீட்டினுள் ஐ.எஸ்.ஓ. 1600 வைத்து, எப் 5.6-ல் எடுக்கும்போது ஷட்டர் வேகம் 1/15 விநாடி வருகிறது என வைத்துக் கொள்வோம். அதே இடத்தில் எப் 1.8 வைத்தால் 1/125 விநாடி கிடைக்கும். 1/15 விநாடியில் குழந்தை தலையைத் திருப்பினாலே படம் கலங்கும். 1/125-ல் சிரிப்பு சிரிப்பாகவே பதியும். குறைந்த நேரத்தில் படம் எடுத்துவிட முடிவதால்தான் இவற்றை வேகமான லென்ஸ் என்கிறார்கள்.

“என் மொபைல் போனிலும் எப் 1.8 என்றுதானே போட்டிருக்கிறது?” என நீங்கள் கேட்கலாம். உண்மைதான். ஆனால் போன் கேமராவின் உண்மையான குவிய தூரம் சில மி.மீ. மட்டுமே. 5.4 மி.மீ. குவிய தூரம் என்றால், எப் 1.8-ல் துவாரம் வெறும் 3 மி.மீ. பின்னணி மங்கலாகத் தெரிவதைப் போன் சாப்ட்வேர் மூலம் செய்கிறது. லென்ஸ் அதனைக் கண்ணாடியிலேயே செய்கிறது.

முதல் சோதனை: உங்கள் கம்ப்யூட்டரிலேயே

லென்ஸைத் தொடும் முன், நீங்கள் ஏற்கனவே எடுத்த படங்களைப் பரிசோதியுங்கள். ஒவ்வொரு படத்தின் பைலிலும் அது எந்தக் குவிய தூரத்தில், எந்த வேகத்தில், எந்த ஐ.எஸ்.ஓ.வில் எடுக்கப்பட்டது என்ற தகவல்களைக் கேமரா எழுதி வைக்கிறது. இதனை எக்ஸிப் தகவல் என்பார்கள். விண்டோஸில் இதனைக் காண எந்த சாப்ட்வேரும் தனியாக வேண்டியதில்லை.

1. படங்கள் உள்ள போல்டரைத் திறந்து, வியூ மெனுவில் டீட்டெயில்ஸ் என்பதைத் தேர்ந்தெடுக்கவும்.

2. மேலே நேம், டேட் என உள்ள தலைப்பு வரிசையில் ரைட் கிளிக் செய்திடவும். கிடைக்கும் பட்டியலில் கடைசியாக உள்ள மோர் என்பதில் கிளிக் செய்திடவும்.

3. வரும் பெரிய பட்டியலில் போக்கல் லெங்த், எக்ஸ்போஷர் டைம், ஐ.எஸ்.ஓ. ஸ்பீட், எப்-ஸ்டாப் ஆகிய நான்கிலும் டிக் அடையாளம் ஏற்படுத்தி ஓகே தரவும்.

4. இப்போது எக்ஸ்போஷர் டைம் தலைப்பில் கிளிக் செய்தால், படங்கள் ஷட்டர் வேகப்படி வரிசையாக அடுக்கப்படும்.

இதில் 1/60 விநாடிக்கும் மெதுவாக எடுத்த படங்களை மட்டும் பாருங்கள். கலங்கிப் போனவை பெரும்பாலும் இங்கேதான் இருக்கும். அவற்றின் குவிய தூரம் எவ்வளவு என்பதே முக்கியம். 35 முதல் 55 வரை என்றால், பிரைம் லென்ஸ் உங்களுக்கு உதவும். பெரும்பாலானவை 18 முதல் 24 வரை என்றால், நீங்கள் சின்ன அறையில் கூட்டமாக நிற்பவர்களை எடுக்கிறீர்கள் என்று பொருள். 50 மி.மீ. லென்ஸ் அங்கே பயன்படாது. கலங்கிய படங்களே இல்லையென்றால் லென்ஸ் செலவும் இல்லை.

ஒரு எச்சரிக்கை. வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக வந்தவற்றில் இந்தத் தகவல்கள் நீக்கப்பட்டிருக்கும். மெமரி கார்டிலிருந்து நேரடியாக காப்பி செய்த பைல்களையே சோதிக்கவும்.

அறையின் நீளத்தை அளந்து பாருங்கள்

பலரும் கோட்டை விடும் இடம் இது. நம்மிடம் உள்ள விலை குறைந்த எஸ்.எல்.ஆர். கேமராக்களில் சென்சார் சிறியது. 50 மி.மீ. லென்ஸ், பிலிம் கேமராவில் 80 மி.மீ. லென்ஸ் காட்டும் அளவிற்குக் காட்சியைக் குறுக்கிவிடும். நிக்கானில் இது 75 மி.மீ.

அடிக் கணக்கில் சொன்னால் எளிதாகப் புரியும். கேமராவைப் படுக்கை வாக்கில் பிடித்து 10 அடி தூரத்தில் நின்றால், படத்தில் அடங்கும் அகலம் இதுதான்:

கிட் லென்ஸ், 18 மி.மீ. - சுமார் 12 அடி
35 மி.மீ. பிரைம், நிக்கானில் - சுமார் 6.5 அடி
50 மி.மீ. பிரைம், கேனானில் - சுமார் 4.5 அடி

ஐந்து பேர் தோளோடு தோள் உட்கார்ந்தால் 8 அடி அகலம் ஆகும். இவர்களை 50 மி.மீ. லென்ஸில் அடக்க நீங்கள் 18 அடி பின்னால் போக வேண்டும். பத்துக்குப் பத்து அறையில் சுவரை இடித்துக் கொண்டுதான் போக முடியும். 35 மி.மீ. என்றால் 12 அடி போதும். எனவே கயிறு ஒன்றை எடுத்து, நீங்கள் அதிகம் படம் எடுக்கும் அறையை அளந்து பாருங்கள். இதற்குக் காசு செலவில்லை.

அதற்குப் பதிலாக, ஒரு முகம், இரண்டு முகம், மடியில் குழந்தையுடன் அம்மா போன்ற படங்களுக்கு 50 மி.மீ. மிகப் பொருத்தம். பள்ளி ஆண்டு விழாவில் முன்வரிசையில், மேடையிலிருந்து 20 அடி தூரத்தில் உட்கார்ந்தால், 9 அடி அகலம் அடங்கும். இரண்டு குழந்தைகள் ஆடுவதை அழகாக எடுக்கலாம்.

எந்த லென்ஸ்?

கேனான்: 50 மி.மீ. எப் 1.8 லென்ஸின் இரண்டாம் பதிப்பு 1990-ல் வந்தது. எடை 130 கிராம். கேமராவில் மாட்டும் வளையம் கூட பிளாஸ்டிக். போகஸ் செய்யும்போது சத்தம் வரும். கீழே விழுந்தால் முன்பகுதி தனியே கழன்று வருவது இதன் பெயர் பெற்ற பலவீனம். 2015-ல் இதற்குப் பதிலாக எஸ்.டி.எம். பதிப்பு வந்தது. எடை சுமார் 160 கிராம், மாட்டும் வளையம் உலோகம், போகஸ் மோட்டார் அமைதியானது, 35 செ.மீ. வரை கிட்டே போகலாம். பழையதில் இது 45 செ.மீ. இரண்டிற்கும் விலை வித்தியாசம் சிறிதாக இருந்தால் யோசிக்காமல் எஸ்.டி.எம். வாங்கவும்.

நிக்கான்: இங்குதான் கவனம் தேவை. பழைய 50 மி.மீ. எப் 1.8 டி லென்ஸில் போகஸ் மோட்டார் கிடையாது. கேமராவில் உள்ள மோட்டார்தான் அதனைத் திருப்ப வேண்டும். டி40, டி60, டி3000 முதல் டி3500 வரை, டி5000 முதல் டி5600 வரையான கேமராக்களில் இந்த மோட்டார் இல்லை. இவற்றில் டி வகை லென்ஸை மாட்டினால் கையால்தான் போகஸ் செய்ய வேண்டும். டி70, டி80, டி90, டி7000 வரிசை போன்றவற்றில் மோட்டார் உண்டு. “மலிவாகக் கிடைத்தது” என்று வாங்கி வந்து வீட்டில் திகைப்பதை விட, உங்கள் கேமராவின் எண்ணை முதலில் பாருங்கள். மோட்டார் இல்லாத கேமரா வைத்திருப்பவர்களுக்கு 2009-ல் வந்த ஏ.எப்.-எஸ். டி.எக்ஸ். 35 மி.மீ. எப் 1.8 ஜி, 2011-ல் வந்த ஏ.எப்.-எஸ். 50 மி.மீ. எப் 1.8 ஜி ஆகிய இரண்டும் ஏற்றவை. முதலாவது வீட்டு அறைக்கு மிகவும் பொருந்தும்.

இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். கேனான், நிக்கான் இரண்டும் 2020-க்குப் பின் புதிய எஸ்.எல்.ஆர். மாடல்களை வெளியிடவில்லை, மிர்ரர்லெஸ் கேமராக்களுக்கு மாறிவிட்டன. இதனால் பழைய கேமராக்களும் லென்ஸ்களும் கைமாற்றில் நிறையக் கிடைக்கின்றன. நாளை நீங்கள் மிர்ரர்லெஸ் வாங்கினாலும் கேனான் லென்ஸை அடாப்டர் மூலம் ஆட்டோ போகஸுடன் பயன்படுத்தலாம். நிக்கானில் ஏ.எப்.-எஸ். லென்ஸுக்கு அடாப்டரில் ஆட்டோ போகஸ் கிடைக்கும். டி வகைக்குக் கிடைக்காது.

கைமாற்று லென்ஸ்: வாங்கும் இடத்தில் செய்ய வேண்டியவை

1. மொபைல் போனின் டார்ச்சை எரியவிட்டு, லென்ஸின் ஒரு பக்கத்திலிருந்து ஒளியைச் செலுத்தி மறுபக்கம் வழியே பாருங்கள். சிலந்தி வலை போல, வேர் போலப் படர்ந்திருந்தால் அது பூஞ்சை. அந்த லென்ஸ் வேண்டாம். நம் பகுதி வறண்டது என்றாலும், லென்ஸ் இதற்கு முன் கடற்கரையிலோ மலையிலோ இருந்திருக்கலாம். ஒன்றிரண்டு தூசி பெரிய குறையல்ல.

2. போகஸ் வளையம் தடையில்லாமல் திரும்புகிறதா எனப் பாருங்கள். எஸ்.டி.எம். லென்ஸில் கேமரா ஆன் ஆகியிருந்தால்தான் வளையம் வேலை செய்யும். இது கோளாறு அல்ல.

3. எப் 8 வைத்து ஒரு படம் எடுத்துப் பாருங்கள். எர்ரர் செய்தி வந்தாலோ, படம் மிக வெளுப்பாக வந்தாலோ துவாரத்தை மூடும் இதழ்கள் ஒட்டிக் கொண்டிருக்கலாம். நிக்கான் டி வகை லென்ஸில் மட்டும், அப்பெர்ச்சர் வளையத்தை 22-ல் வைத்துப் பூட்டாவிட்டாலும் எர்ரர் வரும். அதனைச் சரிசெய்துவிட்டு மீண்டும் சோதிக்கவும்.

4. கிட்டே ஒன்று, தூரத்தில் ஒன்று என மாறி மாறிப் பத்து முறை ஆட்டோ போகஸ் செய்து பாருங்கள். ஒரு முறையாவது முனகிக் கொண்டு நின்றுவிட்டால் விட்டுவிடுங்கள்.

5. விற்பவரிடம் ஒரு நாள் சோதித்துப் பார்க்க அனுமதி கேளுங்கள். நல்ல பொருள் வைத்திருப்பவர் பெரும்பாலும் மறுக்க மாட்டார்.

வீட்டில் செய்யும் மூன்று சோதனைகள்

செய்தித்தாள் சோதனை: தினசரி ஒன்றின் இரு பக்கங்களையும் விரித்துச் சுவரில் சுருக்கமின்றி ஒட்டவும். 6 அடி தூரத்தில், கேமராவை டிரைபாட் அல்லது ஸ்டூல் மீது, சுவருக்கு நேராக வைக்கவும். ஐ.எஸ்.ஓ. 100, இரண்டு விநாடி டைமர். எப் 1.8, 2.8, 4, 5.6, 8 என ஐந்து படங்கள் எடுக்கவும். கிட் லென்ஸை 50 மி.மீ.க்கு அருகே வைத்து எப் 5.6, 8 ஆகியவற்றிலும் எடுக்கவும். கம்ப்யூட்டரில் 100 சதவீத அளவில் திறந்து நடுப்பகுதியையும் நான்கு மூலைகளையும் பாருங்கள். எப் 1.8-ல் எழுத்துகள் லேசாகப் புகை படிந்தது போல இருப்பது இந்த விலை லென்ஸ்களில் இயல்பு. எப் 2.8-ல் நடுப்பகுதி நன்கு தெளிய வேண்டும். எப் 5.6-ல் மூலை வரை கூர்மை வேண்டும். ஒரு பக்க மூலைகள் மட்டும் எப் 5.6-லும் மங்கலாக இருந்தால், முதலில் கேமரா சுவருக்கு நேராக இருக்கிறதா எனச் சரிபாருங்கள். நேராக இருந்தும் மங்கினால் உள்ளே கண்ணாடி ஒன்று சாய்ந்திருக்கிறது. திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

தீப்பெட்டி சோதனை: நம் ஊரில் இதற்கான கருவிக்குக் குறைவில்லை. ஐந்து தீப்பெட்டிகளை லேபிள் தெரியும்படி, ஒன்றன் பின் ஒன்றாக 3 செ.மீ. இடைவெளியில், ஒன்றை ஒன்று மறைக்காமல் படிக்கட்டு போலச் சாய்வாக நிறுத்தவும். ஒரு மீட்டர் தூரத்திலிருந்து, எப் 1.8-ல், நடு போகஸ் புள்ளியை மட்டும் தேர்ந்தெடுத்து, மூன்றாவது பெட்டியில் போகஸ் செய்து எடுக்கவும். இந்தத் தூரத்தில் தெளிவாகத் தெரியும் ஆழம் மொத்தமே இரண்டரை செ.மீ. அளவுதான். எனவே மூன்றாவது பெட்டி கூர்மையாகவும், இரண்டாவதும் நான்காவதும் சமமாக மங்கியும் இருக்க வேண்டும். ஐந்து முறை எடுத்து, ஐந்திலும் நான்காவது பெட்டியே கூர்மையாக வந்தால் போகஸ் பின்னால் விழுகிறது. இரண்டாவது என்றால் முன்னால் விழுகிறது. விலை கூடிய கேமராக்களில் இதனைத் திருத்த மெனு உண்டு; ஆரம்ப நிலைக் கேமராக்களில் பெரும்பாலும் இல்லை. அவற்றில் லைவ் வியூ வைத்து எடுத்துப் பாருங்கள். அதில் சென்சாரே போகஸைப் பார்ப்பதால் பிழை மறைந்துவிடும். ஓடும் குழந்தையை லைவ் வியூவில் பிடிப்பது சிரமம் என்பதால், பிழை பெரிதாக இருந்தால் வேறு லென்ஸ் பார்ப்பதே நல்லது.

எவர்சில்வர் சோதனை: வெயிலில் பளபளக்கும் தம்ளர் ஒன்றை இருண்ட பின்னணியில் வைத்து எடுக்கவும். எப் 1.8-ல் ஓரங்களில் ஊதா நிறக் கோடு படரும். எப் 2.8, 4 எனப் போகப் போக அது குறைய வேண்டும். வெள்ளை வேட்டி, வெள்ளிக் கொலுசு ஆகியவற்றை எடுக்கும்போது இந்தக் கோடுதான் கண்ணை உறுத்தும். எந்த அளவில் அது மறைகிறது எனக் குறித்து வைத்துக் கொள்ளுங்கள்.

கரிசல் மண்ணில் எங்கே உதவும், எங்கே உதவாது?

நண்பகல் வெயில்: இங்கே எப் 1.8 பயன்படாது. ஐ.எஸ்.ஓ. 100-ல் உச்சி வெயிலுக்கு எப் 1.8 வைத்தால் 1/8000 விநாடி அளவு வேகம் தேவை. ஆரம்ப நிலைக் கேமராக்களின் அதிகபட்ச வேகம் 1/4000 தான். படம் வெளுத்துவிடும். எப் 2.8 அல்லது அதற்கு மேல் வைக்கவும். மேலும், காட்சியில் கரிசல் மண் பெரும்பகுதி இருந்தால், கேமரா அந்தக் கறுப்பைச் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும். மண் வெளுத்து, நடுவில் நிற்பவரின் சட்டை சுண்ணாம்பாகிவிடும். எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை மைனஸ் 2/3 வைத்தால் மண் மண்ணின் நிறத்திலேயே வரும்.

கழுகுமலை: கோவில்பட்டியிலிருந்து சுமார் 20 கி.மீ. தூரத்தில் உள்ள வெட்டுவான் கோயில், எட்டாம் நூற்றாண்டில் பாண்டியர் காலத்தில் ஒரே பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்து செதுக்கி, முற்றுப் பெறாமல் நின்றுவிட்ட கோயில். முழுக் கோயிலையும் ஒரே படத்தில் அடக்க அகலமான லென்ஸே வேண்டும். கிட் லென்ஸில் 18 மி.மீ., எப் 8 வைத்து, காலை அல்லது மாலைச் சாய்வெயிலில் எடுத்தால் சிற்பங்கள் எழுந்து நிற்கும். இங்கே பிரைம் லென்ஸ் தனியாக ஒரு சிற்பத்தை எடுக்க மட்டும் உதவும்.

ஹாக்கி: கோவில்பட்டி என்றாலே ஹாக்கி என்பது தமிழகம் அறிந்தது. ஆனால் ஹாக்கி மைதானத்தின் நீளம் 91.4 மீட்டர், அகலம் 55 மீட்டர். 100 அடி தூரத்தில் 50 மி.மீ. லென்ஸ் 45 அடி அகலத்தைக் காட்டும். வீரர் எறும்பு போலத் தெரிவார். இதற்கு டெலி ஜூம் வேண்டும். தெருவில் நடக்கும் சிலம்பம், கபடி போன்றவற்றிற்கு, மாலை விளக்கொளியில் 50 மி.மீ. கைகொடுக்கும்.

வீட்டுத் தொழில்: 2020-ல் புவிசார் குறியீடு பெற்ற நம் கடலை மிட்டாயை ஆன்லைனில் விற்பவர்கள், பொருளைப் படம் எடுக்க இந்த லென்ஸ் வாங்கலாமா எனக் கேட்கிறார்கள். மிகக் கிட்டே எடுப்பதில் கிட் லென்ஸே மேல். கேனான் 18-55 ஐ.எஸ். லென்ஸ் 25 செ.மீ. வரை கிட்டே போகும். சுமார் 7 செ.மீ. அகலப் பொருள் படம் முழுவதையும் நிறைக்கும். 50 மி.மீ. எஸ்.டி.எம். லென்ஸில் 10 செ.மீ. அகலம் வரைதான் போக முடியும். மிட்டாய் நகராது என்பதால் டிரைபாட், ஜன்னல் வெளிச்சம், கிட் லென்ஸ் எப் 8 ஆகியவை போதும். அந்தப் பணத்தில் நல்ல டிரைபாட் வாங்கிவிடலாம்.

தூசி: பிரைம் லென்ஸ் வாங்கினால் அடிக்கடி லென்ஸ் மாற்றுவீர்கள். கோடையில் உழுத காட்டின் ஓரத்தில் காற்று அடிக்கும்போது மாற்றினால், தூசி சென்சாரில் போய் உட்காரும். கேமராவை ஆப் செய்து, காற்றுக்கு முதுகைக் காட்டி, கேமராவின் வாய் கீழ்நோக்கி இருக்கும்படி மாற்றவும். முடிந்தால் வீட்டிலேயே மாட்டிக் கொண்டு கிளம்புவது நல்லது. தூசி விழுந்துள்ளதா என அறிய, எப் 16 வைத்து வெளிர் வானத்தை எடுத்துப் பாருங்கள். எப் 1.8-ல் அந்தப் புள்ளிகள் தெரியாது. வாயால் ஊதாமல், ரப்பர் ப்ளோயர் பயன்படுத்தவும்.

விழா நாளில் வைக்க வேண்டிய அமைப்பு

லென்ஸ் வந்த மறுநாளே காதணி விழாவிற்கு எடுத்துச் செல்ல வேண்டாம். ஒரு வாரம் வீட்டில் பழகுங்கள். பிறகு கீழ்க்கண்டவாறு அமைக்கலாம்.

1. ஒருவர் மட்டும் என்றால் எப் 2. இருவர் என்றால் எப் 2.8. மூன்று பேருக்கு மேல் எப் 4. இரண்டு மீட்டர் தூரத்தில் எப் 1.8-ல் தெளிவாகத் தெரியும் ஆழம் 11 செ.மீ., எப் 4-ல் 24 செ.மீ. தாய்மாமன் மடியில் குழந்தை இருக்கும்போது, எப் 1.8-ல் குழந்தை முகம் தெளிந்து மாமன் முகம் மங்கிவிடும்.

2. ஷட்டர் வேகம் 1/100 வைக்கவும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் டியூப் லைட்டும் மலிவு எல்.இ.டி.யும் விநாடிக்கு 100 முறை துடிக்கின்றன. அதற்கும் வேகமாக எடுத்தால் சில படங்களில் கறுப்புப் பட்டைகள் விழலாம், நிறமும் மாறலாம்.

3. ஐ.எஸ்.ஓ. ஆட்டோவில், உச்ச அளவு 3200 எனக் கட்டுப்படுத்தவும். கொஞ்சம் மணல் போன்ற புள்ளிகள் வந்தால் பின்னர் சாப்ட்வேரில் குறைக்கலாம். கலங்கிய படத்தை எதனாலும் சரி செய்ய முடியாது.

4. நடு போகஸ் புள்ளியை, உங்களுக்கு அருகில் உள்ள கண்ணில் வைக்கவும். போகஸ் செய்தபின் முன்னும் பின்னும் சாயாமல் உடனே எடுக்கவும்.

5. இந்த விலை லென்ஸ்களில் கை நடுக்கத்தைத் தடுக்கும் வசதி கிடையாது. அசையாத பொருளை எடுப்பதானாலும் 1/80-க்குக் கீழே போகாமல் பார்த்துக் கொள்ளவும்.

6. எல்லாரும் வரிசையாக நிற்கும் குரூப் போட்டோவிற்குக் கிட் லென்ஸையும் பையில் எடுத்துச் செல்லவும்.

முடிவாக

உங்கள் கலங்கிய படங்கள் 35 மி.மீ.க்கு மேல் உள்ளன. அறையில் பின்னால் போக இடம் உள்ளது. நீங்கள் எடுப்பது பெரும்பாலும் முகங்களை. இந்த மூன்றும் “ஆம்” என்றால் 50 மி.மீ. எப் 1.8 தாராளமாக வாங்கலாம். அறை சின்னது, கையில் நிக்கான் என்றால் 35 மி.மீ. எப் 1.8 வாங்கவும். கேனான் வைத்திருப்பவர்கள் சின்ன அறைக்கு 2014-ல் வந்த 24 மி.மீ. எப் 2.8 எஸ்.டி.எம். லென்ஸைப் பார்க்கலாம். இதில் ஒளி லாபம் குறைவு. ஆனால் 10 அடியில் 9 அடி அகலம் அடங்கும். கோயில், காடு, ஹாக்கி, பொருட்கள் ஆகியவைதான் உங்கள் படங்கள் என்றால் இந்தப் பணத்தை இப்போது செலவழிக்க வேண்டாம்.

இன்று இரவே மெமரி கார்டைக் கம்ப்யூட்டரில் செருகி, மேலே சொன்ன நான்கு தலைப்புகளையும் சேர்த்துப் பாருங்கள். லென்ஸ் வாங்குவதா வேண்டாமா என்ற கேள்விக்குப் பாதி விடை, நீங்கள் ஏற்கனவே எடுத்த படங்களிலேயே இருக்கிறது.